ஆடிக் காற்றில் கூடைப்பந்து: ஷூட்டிங் கற்றதும் கற்பிப்பதும்

கூடைப்பந்து பழக வரும் பிள்ளைகளின் கையில் நாம் காணும் பிழைகளில் பெரும்பாலானவை கையில் பிறந்தவை அல்ல, தூரத்தில் பிறந்தவை. திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நான், பந்தை வளையத்துக்குள் போடும் ஷூட்டிங்கைக் கற்பிப்பதைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். முழங்கை வெளியே போகிறது, இரண்டு கையாலும் தள்ளுகிறான், பந்து இடுப்பிலிருந்து கிளம்புகிறது, எறிந்த பிறகு உடம்பு ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது என்று பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகத் திருத்தப் புகுந்தால் ஆண்டு முழுவதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதே பிள்ளையை வளையத்துக்குப் பக்கத்தில் கூட்டிவந்து நிறுத்தினால், அவற்றில் பாதி நாம் ஒரு வார்த்தை சொல்லாமலே மறைந்துவிடும்.

காரணம் எளிது. வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தடுப்பார் இல்லாமல் தனியே நின்று பந்து போடும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும், வளையத்தின் பின்னால் உள்ள பலகையான போர்டுக்கும் இடையே 4.60 மீட்டர். ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்து ஏறத்தாழ 600 கிராம் எடை கொண்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அந்தப் பந்தை அந்தக் கோட்டிலிருந்து அந்த உயரத்துக்குச் சேர்க்க வேண்டுமானால், உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டியாக வேண்டும். பந்தை இடுப்புவரை இறக்கி, இரண்டு கையையும் கொடுத்து, இடுப்பைத் திருப்பி, ஒரு காலை முன்னே வீசி எறிவது அந்த உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி. நாம் ஓரமாக நின்றுகொண்டு "முழங்கையை உள்ளே கொண்டு வா" என்று கத்தினால், ஒரு தடவை கொண்டு வரும். பந்து வளையத்தைத் தொடாமல் முன்னே விழும். அடுத்த தடவை பழைய வழிக்கே போய்விடும். அதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தை 2.60 மீட்டருக்கு இறக்கி, சிறிய 5-ஆம் எண் பந்தைக் கொடுப்பது இதற்காகத்தான். நம் கிராமத்துப் பள்ளிகளில் இருப்பதோ பெரும்பாலும் ஒரே ஒரு கம்பம், ஒரே ஒரு பழைய 7-ஆம் எண் பந்து. எங்கள் பள்ளியில் ஊர்ப் பட்டறை ஒன்றில் சொல்லி, உருட்டுக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து, சுற்றுச்சுவரில் 2.60 மீட்டர் உயரத்தில் பதித்திருக்கிறோம். ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுதான் முதல் வளையம்.

நான் இதைக் கற்றது பாளையங்கோட்டையில், விடுதியில் தங்கிப் படித்த காலத்தில். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் ஒருவர், நாங்கள் ஷூட் செய்யும்போது வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். பந்து எங்கே போய் விழுகிறது என்று அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பந்து கையை விட்டதும் "இடது", "முன்னால", "சரி" என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடுவார். பந்து போய்ப் பட்டதும் அவர் சொன்னபடியே இருக்கும். கையையும் காலையும் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும். பயிற்சி கொடுப்பவர்கள் பழகிக்கொள்ள வேண்டிய முதல் வித்தை இது என்று நான் நினைக்கிறேன். பந்தின் பின்னாலேயே கண் போய்விட்டால் பிள்ளை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியாது. விழுந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். தவறாகப் போட்ட பந்தும் சில சமயம் விழுந்து தொலைக்கும், அதைப் பாராட்டிவிட்டால் அந்தத் தவறு ஊன்றிவிடும்.

அவர் எங்களைப் பல வாரம் வளையத்துக்கு அடியிலேயே நிறுத்தி வைத்திருந்தார். தூரமாகப் போய்ப் போட எல்லோருக்கும் கை அரிக்கும். விட மாட்டார். இன்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் வரிசையும் ஏறக்குறைய அவருடையதுதான். வளையத்துக்கு நேர் எதிரே, இரண்டு எட்டுத் தள்ளி நின்று, வலக்கை ஒன்றில் மட்டும் பந்தை ஏந்த வேண்டும். இடக்கை முதுகுக்குப் பின்னால். பந்து விரல்களின் மேற்பகுதியிலும் உள்ளங்கையின் விளிம்பிலும் உட்கார்ந்திருக்க வேண்டுமே தவிர உள்ளங்கைக் குழியில் ஒட்டக்கூடாது. பக்கத்திலிருந்து பார்த்தால் பந்துக்கும் குழிக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடிந்து, மேல்தோலில் சுருக்கம் விழுந்திருக்க வேண்டும். முழங்கை பந்துக்கு அடியில். பாதங்கள் தோள் அகலத்தில், வலப்பாதம் அரைப் பாதம் முன்னே. இரண்டு பாதங்களின் விரல்நுனிகளும் வளையத்தையே பார்க்க வேண்டும் என்று முன்பெல்லாம் கண்டிப்பாகச் சொல்வார்கள். நான் அதில் பிடிவாதம் காட்டுவதில்லை. பாதம் சற்று இடப்பக்கம் திரும்பியிருந்தால்தான் சில பிள்ளைகளுக்கு வலத்தோள் இறுக்கமில்லாமல் வளையத்துக்கு நேரே வருகிறது. வந்தால் அப்படியே இருக்கட்டும்.

பிறகு முழங்கால் லேசாக மடிந்து நிமிர, அந்த நிமிர்வோடு சேர்ந்தே கை மேலே போக வேண்டும். கால் நிமிர்ந்து முடிந்த பிறகு கை தொடங்கினால் காலின் பலம் வீணாகிவிடும். பந்தைக் கையின் பலத்தால் மட்டுமே தள்ள வேண்டி வரும். கடைசியில் மணிக்கட்டு முன்னே மடிய, ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் பந்தை விட்டுப் பிரிய வேண்டும். பிரிந்த பிறகும் கை அங்கேயே நிற்க வேண்டும். "உறிக்குள்ள கைய விடுத மாதிரி நில்லுலே, பந்து விழுத வரைக்கும் இறக்காத" என்பார் அவர். கையை உடனே இழுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, தான் என்ன செய்தோம் என்று பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பே இல்லாமல் போகிறது. நிறுத்தி வைத்த கை, விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தானே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒற்றைக் கையில் இது அமைந்த பிறகுதான் இடக்கைக்கு வேலை. அதன் வேலை பந்து சரியாமல் பக்கவாட்டில் தாங்குவது மட்டும். பந்து கிளம்பும் நேரத்தில் அது விலகி, விரல்கள் மேல்நோக்கியபடி நின்றுவிட வேண்டும். இடது கட்டைவிரல் ஒரு சிறு தட்டுத் தட்டினாலும் பந்து பக்கவாட்டில் சுழன்று வலப்பக்கம் ஒதுங்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவுவது ஒரு துண்டுச் சுண்ணாம்புக்கட்டி. பந்தின் நடுவே சுற்றிலும் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக இருக்கும்படி பிடித்துப் போடச் சொல்வேன். கோடு நேராக நின்று பின்னோக்கிச் சுழன்றால் கை சரி. கோடு தள்ளாடினால் எங்கோ ஒரு விரல் வேண்டாத வேலை பார்க்கிறது.

இந்தப் பின்சுழற்சி அழகுக்காகச் சொல்வதன்று. பின்னோக்கிச் சுழலும் பந்து வளையத்தின் பின்விளிம்பிலோ போர்டிலோ பட்டால் வேகம் இழந்து கீழ்நோக்கித் திரும்பும். சுழற்சி இல்லாத பந்து துள்ளி வெளியே ஓடும். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிரானும் சில்வர்பெர்க்கும் 2008-இல் ஃப்ரீ த்ரோவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்து, பந்து கையை விடும் கோணம் 52 பாகை, பின்சுழற்சி நொடிக்கு 3 சுற்று, குறி வளையத்தின் நடுவைவிடச் சற்றுப் பின்னே என்று எழுதினார்கள். ஃப்ரீ த்ரோ பந்து காற்றில் இருப்பது ஏறக்குறைய ஒரு நொடி. ஆகவே சுண்ணாம்புக் கோடு போட்ட பந்து வளையத்தை அடைவதற்குள் மூன்று முறை சுழன்றால் போதும் என்பது நமக்குக் கிடைக்கும் கணக்கு. 52 பாகையைப் பிள்ளையிடம் சொல்லிப் பயனில்லை. சுழற்சியை எண்ணச் சொன்னால் எண்ணிவிடும்.

கோணத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் வளையத்தையே கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறேன். வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ. நேர் மேலிருந்து பார்த்தால் முழு வட்டம் தெரியும். சாய்த்துப் பிடித்தால் வட்டம் ஒடுங்கி ஒடுங்கி நீள்வட்டமாகும். 45 பாகைச் சரிவில் இறங்கும் பந்துக்கு அந்தத் திறப்பு சுமார் 32 செ.மீ.தான். 30 பாகையில் வந்தால் 22.5 செ.மீ. 7-ஆம் எண் பந்தின் விட்டமே 24 செ.மீ. அளவு இருக்கிறது. அதாவது தட்டையாக எறியும் பையனின் பந்துக்கு விளிம்பில் படாமல் உள்ளே போக வழியே கிடையாது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளையிடம் "உயர்த்திப் போடு" என்று பிறகு சொல்ல வேண்டியிருக்காது.

தவறிய பந்தைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. நேர்கோட்டில் போய் முன்னேயோ பின்னேயோ விழுந்தால் நான் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. அது பலத்தின் கணக்கு. உடம்பே அடுத்த பந்தில் சரிசெய்துகொள்ளும். தொடர்ந்து முன்னே விழுந்தால் களைத்துவிட்டான் என்று பொருள், ஓர் எட்டு முன்னே வரச் சொல்வேன் அல்லது தண்ணீர் குடிக்க அனுப்பிவிடுவேன். இடமோ வலமோ போனால் மட்டும் நிறுத்திப் பார்ப்பேன். முழங்கை, இடது கட்டைவிரல், தோள் திரும்பிய விதம், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே சொல்ல வேண்டும். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளை மூன்றையும் யோசித்துக்கொண்டு, பந்தை மறந்துவிடும்.

இனி எங்கள் ஊருக்கே உரிய சிக்கல். ஆனி பிறந்துவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வரும் காற்று பணகுடி, வள்ளியூர், இராதாபுரம் பக்கமெல்லாம் ஆவணி வரைக்கும் ஓயாது. காற்றாலைக்காரர்களுக்கு அது அறுவடைக் காலம். எங்களுக்கோ திறந்தவெளி மைதானத்தில் பந்து சொன்னபடி கேட்காத காலம். மாலை வெயில் கண்ணில் அடிக்கக்கூடாது என்பதற்காகக் கூடைப்பந்துத் தளத்தை வடக்கு தெற்காக அமைப்பது வழக்கம். எங்கள் தளமும் அப்படித்தான். விளைவு, மேல்காற்று தளத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். ஃப்ரீ த்ரோ தூரத்தில் நல்ல வளைவோடு போடப்பட்ட பந்தை அந்தக் காற்று வளையத்தின் பாதி அகலத்துக்கு மேல் நகர்த்திவிடும். உயர்த்திப் போடப் போடக் காற்றுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். பிள்ளைகள் இதை இரண்டே நாளில் உணர்ந்துகொண்டு, பந்தைத் தட்டையாக, வேகமாக எறியத் தொடங்குவார்கள். சிலர் குறியையே மேற்கே தள்ளி வைத்துக்கொள்வார்கள். காற்று நின்ற பிறகும் அந்தத் தட்டை எறிதல் கையில் தங்கிவிடுவதுதான் தொல்லை.

ஆகவே அந்த மூன்று மாதமும் எங்கள் மைதானத்தில் தூர ஷூட்டிங் கிடையாது. காற்று சற்றுத் தணிந்திருக்கும் காலை வேளையில் வளையத்தின் அடியில் ஒற்றைக்கைப் பழக்கம். மாலையில் வகுப்பறைக் கட்டடத்தின் காற்று மறைவான பக்கத்துச் சுவரில் 3.05 மீட்டர் உயரத்தில் போட்டிருக்கும் கோட்டைக் குறிவைத்துப் போடுவது, ஓடிவந்து வளையத்தருகே எழும்பிப் போடும் லே-அப், போர்டில் தட்டிப் போடுவது. சுவருக்கு வளையம் இல்லை என்பது ஒரு வகையில் நல்லதே. விழுந்ததா என்ற கவலை இல்லாமல் கையை மட்டும் கவனிக்க முடிகிறது. உலக அளவில் திறந்தவெளியில் அணிக்கு மூன்று பேராக ஆடும் 3x3 ஆட்டத்துக்கு, 6-ஆம் எண் பந்தின் அளவும் 7-ஆம் எண் பந்தின் எடையும் கொண்ட தனிப் பந்து வைத்திருக்கிறார்கள். சிறிய பந்தில் காற்று பிடிப்பது குறைவு, எடையோ குறையவில்லை. வசதி உள்ள பள்ளிகள் காற்றுக் காலத்துக்கு மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை வாங்கலாம்.

கடற்கரைப் பக்கத்துக் கூத்தங்குழியிலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வந்த புதிதில் இரண்டு உள்ளங்கையாலும் மார்பிலிருந்து தள்ளித்தான் போடுவாள். எறிபந்து ஆடிப் பழகிய கை. எங்கள் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கு முதலில் கிடைக்கும் ஆட்டம் அதுதான். அதில் பந்தைப் பிடித்த வேகத்தில் உள்ளங்கையால் தள்ளிவிட வேண்டும். (மாறாக, வாலிபாலில் பந்தை எழுப்பிக் கொடுக்கும் லிஃப்டராக ஆடியவர்கள் ஷூட்டிங்கை வெகு சீக்கிரம் பிடித்துக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். விரல்நுனியில் பந்தைத் தாங்கிப் பழகியவர்கள் அவர்கள்.) அவளிடம் கையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. 5-ஆம் எண் பந்தைக் கொடுத்துச் சுவர் வளையத்துக்கு அனுப்பினேன். அங்கே இரண்டு கைக்கு வேலையே இல்லை. ஒற்றைக் கையே போதுமாக இருந்தது. சுழற்சி நேராக வந்த பிறகு 6-ஆம் எண் பந்து, அதன் பிறகு பெரிய வளையத்தின் அடி. அங்கே மறுபடியும் இடக்கை உதவிக்கு வரத் தொடங்கியது. "ஏட்டி, எது தள்ளுது?" என்று கேட்டேன். கையை விரித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கட்டைவிரல்தான் சார்" என்றாள். அவளே கண்டுபிடித்தது என்பதால் அதை மறுபடி சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. பின்னே நகர்வதற்கு எங்களிடம் ஒரே விதிதான்: நின்ற இடத்திலிருந்து பத்துக்கு ஏழு விழ வேண்டும், விழும்போது கையின் வடிவமும் கெடாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் ஓர் எட்டு முன்னே.

அவளுடைய தகப்பனார் மீன்பிடித் தொழில் செய்பவர். எங்கள் வளையத்தில் வலை கிழிந்து வெறும் கம்பியாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, வலை பின்னும் நைலான் கயிற்றிலேயே ஒன்றை முடிந்து கொடுத்தார். வளையத்தில் வலை மாட்ட 12 கொக்கிகள் இருக்கும்; 12 கண்ணி வைத்து, 40 செ.மீ.க்குச் சற்று மேல் நீளம் வைத்து முடிந்திருந்தார். கடையில் வாங்கிய வலை வெயிலில் ஓர் ஆண்டுகூடத் தாங்காது. இது இன்னும் நிற்கிறது. வலை இல்லாத வளையத்தில் ஷூட்டிங் பழகுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விளிம்பில் படாமல் உள்ளே போன பந்துக்கும் உள்ளே போகாமல் முன்னே விழுந்த பந்துக்கும் தூரத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு வேறுபாடு தெரியாது. நல்ல சுழற்சியோடு நடுவில் விழுந்த பந்து வலையை மேலே சுண்டிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் மறுபடியும் மறுபடியும் போடுவார்கள். பந்தும் அப்படியே. சிமெண்டுத் தரையில் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட பந்து விரலில் நிற்காமல் உள்ளங்கைக்குள் நழுவும். அப்படிப்பட்டதைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிளிங்குக்கு ஒதுக்கிவிட்டு, தோல் சொரசொரப்பாக உள்ள பந்தை ஷூட்டிங்குக்கு வைத்துக்கொள்கிறோம்.

கைபேசி வந்த பிறகு புதிய தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்டீஃபன் கரி பாதி மைதானத்திலிருந்து போடுவதைப் பார்த்துவிட்டு வரும் பையன், முதல் நாளே 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே போய் நிற்பான். அவனைத் திட்டுவதைவிட அந்தக் கரியின் கதையையே சொல்வது பயன் தருகிறது. பள்ளிக் காலத்தில் கரியும் உடம்பில் பலம் போதாமல் பந்தைத் தாழ்விலிருந்துதான் எறிந்துகொண்டிருந்தார். அவருடைய தந்தை டெல் கரி, தாமும் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஆடியவர், ஒரு கோடை முழுவதும் உட்கார்ந்து, பந்து தலைக்கு மேலிருந்து கிளம்பும்படி மகனின் கையை மாற்றி அமைத்தார். அந்தக் கோடையில் கரியால் வளையத்தை ஒட்டிய கட்டத்துக்கு வெளியிலிருந்து பந்தைச் சேர்க்கவே முடியவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த தூர ஷூட்டர் அப்படி ஒரு கோடையை வளையத்தின் பக்கத்திலேயே கழித்திருக்கிறார் என்று கேட்டால், பையன்கள் கொஞ்சம் முனகிக்கொண்டாவது முன்னே வருவார்கள்.

ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் கண்ணைப் பற்றி ஒரு சொல். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை பந்து கிளம்புவதற்கு முன் ஒரே இடத்தில் நீண்டு நிலைப்பதையும், மற்றவர்களின் பார்வை அப்படி நிலைக்காததையும் காட்டினார். எங்கள் பிள்ளைகள் வலை கட்டிய கொக்கிகளில் தங்களுக்கு நேரே பின்னால் உள்ள ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார்கள். பந்தைத் தரையில் தட்டிவிட்டு நிமிர்ந்ததும் அந்தக் கொக்கியில் கண்ணை நிறுத்தி, பந்து கையை விட்டுப் போகும்வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஆடி மாதத்தை ஒட்டியே வந்து வாய்க்கின்றன. பலவும் திறந்தவெளியில்தான் நடக்கின்றன. போட்டி நெருங்கும்போது யாருடைய கையையும் நான் தொடுவதில்லை. பாதி மாறிய கையோடு ஆட்டத்துக்குப் போவதைவிடப் பழைய கையே மேல். பதிலாக, என்ன போட வேண்டும் என்பதைத்தான் மாற்றுகிறோம். பக்கவாட்டுக் கோணத்திலிருந்து போர்டில் தட்டிப் போடும் பந்து நேராகப் போடுவதைவிடப் பல இடங்களில் சாதகமானது என்பதை, முன்னே சொன்ன சில்வர்பெர்க்கின் குழுவே, சுமார் 12 அடி தூரம் வரைக்கும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறது. காற்றுள்ள தளத்தில் அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: பந்து காற்றில் இருக்கும் நேரம் குறைவு. எனவே தளத்துக்குப் போனதும் மேற்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, காற்று பந்தைப் போர்டின் பக்கம் தள்ளும் ஓரத்திலிருந்து ஆடச் சொல்கிறேன். கடைசி ஆட்டம் முடிந்த வாரமே, அணித் தலைவன் உட்பட எல்லோரும் மறுபடி வளையத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தொடங்குகிறார்கள். புரட்டாசியில் காற்று ஓய்ந்த பிறகுதான் ஒவ்வோர் எட்டாகப் பின்னே போக அனுமதி.